தோளுக்குப் பின்னால் நின்றவர்



வீடு சந்திக்கச் செல்லும் இடங்களிலும், மாலை வேளையில் அறைவீட்டுத் திண்ணையில் வந்து அமர்வோரிடத்திலும் நாம் அடிக்கடி கேட்கும் முறையீடு ஒன்று உண்டு. வறுமையைப் பற்றியது அன்று. நோயைப் பற்றியதும் அன்று. "எவ்வளவு உழைத்தும் ஒரு நல்ல சொல் இல்லை, சுவாமி" என்பதே அது. அலுவலகத்தில் எல்லாருடைய கோப்பையும் தாமே முடித்துக் கொடுத்துவிட்டு, பதவி உயர்வு நாளில் வேறொருவர் பெயர் வாசிக்கப்படுவதைக் கேட்டு நின்ற எழுத்தர் இதைச் சொல்வார். இரவெல்லாம் விழித்திருந்து நோயாளியைக் காப்பாற்றிய செவிலி, காலையில் வந்த மருத்துவருக்கு உறவினர் மாலை போடுவதைப் பார்த்துவிட்டு வந்து சொல்வார். இயந்திரத்தின் ஓசை சற்று மாறினாலே எங்கே கோளாறு என்று அறியக்கூடிய ஆலைத் தொழிலாளி, நேற்று வந்த மேற்பார்வையாளர் தம்மை "ஏய்" என்று அழைத்ததைச் சொல்வார்.

இம்முறையீட்டில் நாம் கவனித்த ஒன்றை முதலிலேயே கூறிவிடுகிறோம். சேர வேண்டிய இடத்துக்கு அது பெரும்பாலும் சேர்வதே இல்லை. மேலதிகாரியிடம் சொல்லப்படாத வருத்தம் வெறுந் தூக்குச் சட்டியோடு வீட்டுக்கு வந்துவிடுகிறது. குழம்பில் உப்புக் குறைந்தது ஒரு குற்றமாகிறது. பிள்ளையின் மதிப்பெண் ஒரு குற்றமாகிறது. மனைவிக்குக் காரணம் விளங்குவதில்லை. சொல்பவருக்கே சில வேளை விளங்குவதில்லை. அலுவலகத்தில் நேர்ந்த புண்ணுக்கு வீடு வலி சுமக்கிறது. இதனால்தான் குடும்ப ஏட்டில் இதைப் பேசுவது பொருத்தம் என்று கருதினோம்.

இப்படி வருந்துவோர்க்கு நம்மவர் வழக்கமாகச் சொல்லும் ஆறுதல்கள் இரண்டு. ஒன்று, "கடவுள் பார்த்துக்கொண்டிருக்கிறார்" என்பது. மற்றொன்று, "பாராட்டை எதிர்பார்ப்பதே தவறு, கடமையைச் செய்து கொண்டு போ" என்பது. முன்னது உண்மை, ஆயினும் கடவுள் பார்க்கிறார் என்பது மனிதர் கண்ணை மூடிக்கொள்வதற்கு அனுமதிச் சீட்டு ஆகாது. பின்னதைச் சொல்பவர் பெரும்பாலும் பாராட்டுப் பெற்றுவிட்டவராகவே இருப்பார் என்பது நமது அனுபவம்.

இதைப் பொதுப்படப் பேசிக்கொண்டே போனால் அறிவுரை மழையாகிவிடும். ஆகவே இம்மாதம் ஒரு மனிதருடைய வரலாற்றை எடுத்துக்கொள்வோம். அவர் நம் நாட்டவர் அல்லர்; அமெரிக்காவின் கறுப்பினத் தச்சர் ஒருவரின் மகன். பெயர் விவியன் தாமஸ். பெயரைக் கேட்டுப் பெண் என்று எண்ணிவிட வேண்டாம்.

1910ஆம் ஆண்டு லூசியானா மாநிலத்தில் பிறந்து, டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில் வளர்ந்தவர் அவர். தந்தையிடம் தச்சு வேலை கற்றார். கல்லூரியில் சேர்ந்து மருத்துவராக வேண்டும் என்பது இளமைக் கனவு. அதற்காகக் கூலியில் மிச்சம் பிடித்து வங்கியில் சேமித்து வந்தார். 1929இல் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்து நாடெங்கும் வேலையின்மை தலைவிரித்தாடியபோது அவருக்கும் வேலை போயிற்று. தற்காலிகமாக எதையேனும் பற்றிக்கொள்வோம் என்று 1930 பிப்ரவரியில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்பிரட் பிளேலாக் என்னும் இளம் மருத்துவரின் ஆய்வுக்கூடத்தில் எடுபிடியாகச் சேர்ந்தார். வாரத்துக்கு 12 டாலர் சம்பளம். சில மாதங்களில் வங்கி முறிந்து சேமிப்பும் போயிற்று. கல்லூரிக் கனவும் அதனுடன் போயிற்று. தற்காலிகம் என்று நுழைந்த கூடத்தில் அவர் வாழ்நாளே கழிந்தது.

தச்சனின் கை நுட்பமான கை. மரத்தில் இழைத்த துல்லியம் நரம்பிலும் குருதிக் குழாயிலும் கைகொடுத்தது. சேர்ந்த சில வாரங்களுக்குள் ஆய்வுக்கூடத்து நாய்களுக்கு அவர் தாமே அறுவை செய்யத் தொடங்கினார். வேதியியலும் உடலியலும் நூல்களைப் பார்த்துத் தாமே கற்றார். விபத்திலும் போரிலும் அடிபட்டோர் அதிர்ச்சி நிலைக்குச் சென்று இறப்பதன் காரணம் என்ன என்பது அன்று மருத்துவ உலகைக் குழப்பிய கேள்வி. குருதியும் குருதி நீரும் குழாய்களை விட்டு வெளியேறிக் குறைந்து போவதே காரணம் என்று பிளேலாக் நிலைநாட்டினார். அதற்கான சோதனைகளில் பெரும்பாலானவற்றைச் செய்த கைகள் தாமஸுடையவை. இரண்டாம் உலகப் போரில் எத்தனையோ வீரர்கள் குருதி ஏற்றப்பட்டுப் பிழைத்ததில் அவ்வாய்வுக்குப் பங்கு உண்டு.

இவ்வளவும் செய்தவர் பல்கலைக்கழகத்தின் பதிவேட்டில் என்னவாக இருந்தார் என்று நினைக்கிறீர்கள்? கூட்டித் துடைக்கும் ஊழியராக. செய்தது ஆய்வாளர் வேலை. எழுதப்பட்டது துப்புரவுப் பணி. கொடுக்கப்பட்டதும் அப்பணிக்குரிய சம்பளம். நிறத்தின் பெயரால் கழிவறையும் வாசலும்கூடத் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டிருந்த காலம் அது.

இங்கே இரு நிகழ்ச்சிகளை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அவர் சேர்ந்த புதிதில் சோதனை ஒன்றில் பிழை நேர்ந்தது. பிளேலாக் முன்கோபி, கொச்சையான சொற்களால் வைதுவிட்டார். தாமஸ் பதிலுக்குக் கூச்சலிடவில்லை. பணியுடையைக் களைந்து சொந்த உடையை அணிந்துகொண்டு வந்து, இத்தகைய பேச்சைக் கேட்டு வளர்ந்தவன் நான் அல்லன், கணக்கைத் தீர்த்துக் கொடுங்கள் என்ற பொருள்பட அமைதியாகக் கூறினார். பிளேலாக் மன்னிப்புக் கேட்டு, இனி அவ்வாறு பேசுவதில்லை என்று வாக்களித்தார்; அவ்வாக்கைக் காப்பாற்றவும் செய்தார். மற்றொன்று: பதிவேட்டில் தாம் எவ்வாறு குறிக்கப்பட்டிருக்கிறோம் என்பது பிற்பாடு தெரிய வந்தபோது, தாமஸ் நேரே பிளேலாக்கிடம் சென்று, தாம் செய்வது ஆய்வுக்கூடத் தொழில்நுட்பப் பணி, அதற்குரிய சம்பள விகிதமே தமக்குத் தகும் என்று எடுத்துரைத்தார். விசாரிக்கிறேன் என்றார் பிளேலாக். அதன்பின் அவ்விஷயம் பேசப்படவே இல்லை. ஆனால் சில சம்பள நாள்கள் கழித்துத் தொகை உயர்ந்து வந்தது. பதவி மாற்றப்பட்டதா, தொகை மட்டும் கூட்டப்பட்டதா என்பது தாமஸுக்கே தெரியாது. பெரியோர்கள் சில வேளை நியாயத்தைக்கூடக் கொல்லைப்புற வாசல் வழியாகவே அனுப்பி வைக்கிறார்கள்!

1941இல் பிளேலாக் பால்டிமோர் நகரத்தின் புகழ்பெற்ற ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குத் தலைமை அறுவை மருத்துவராக அழைக்கப்பட்டார். தாமஸும் வந்தாக வேண்டும் என்று வற்புறுத்தி உடன் அழைத்துச் சென்றார். அங்கே அந்நாளில் கறுப்பினத்தவர் துப்புரவுப் பணியில் மட்டுமே காணப்பட்டனர். வெள்ளை மேலங்கி அணிந்து ஒரு கறுப்பர் நடைக்கூடத்தில் நடந்தபோது தலைகள் திரும்பின.

அம்மருத்துவமனையில் குழந்தை மருத்துவராக இருந்தவர் ஹெலன் டாசிக் அம்மையார். அவருக்குக் காது கேட்கும் திறன் மிகக் குறைந்துவிட்டிருந்தது. குழந்தைகளின் மார்பில் விரல் வைத்தே இருதயத்தின் போக்கை அறியப் பழகியவர். (பெண் என்ற காரணத்தால் அவருக்கும் உரிய பதவி காலம் கடந்தே கிடைத்தது, அது தனிக் கதை.) உதடும் நகமும் நீலம் பாய்ந்து, நாலடி நடந்தால் மூச்சிரைத்துக் குந்திவிடும் குழந்தைகளை அவர் நாள்தோறும் கண்டு வந்தார். நீலக் குழந்தைகள் என்று அவர்களை அழைப்பர். நுரையீரலுக்குச் செல்லும் வழி பிறவியிலேயே குறுகி, இருதயத்தின் அறைகளுக்கிடையே துளையும் இருப்பதால், பிராணவாயு ஏறாத குருதியே உடலெங்கும் சுற்றும். அந்நாளில் இதற்கு மருந்தும் இல்லை, அறுவையும் இல்லை. நுரையீரலுக்கு இன்னும் சிறிது குருதியைக் கொண்டு செல்ல வழி காண முடியாதா என்று அம்மையார் கேட்டார்.

வழி காணும் வேலை தாமஸின் மேசைக்கு வந்தது. அந்நோயை நாயிடத்தில் முதலில் உண்டாக்கிப் பார்க்க வேண்டும். பிறகு அதைத் தீர்க்கும் இணைப்பைச் செய்து பார்க்க வேண்டும். சுமார் 2 ஆண்டுகள், சுமார் 200 நாய்கள். கைக்குக் குருதி கொண்டு செல்லும் தமனியைத் திருப்பி நுரையீரல் தமனியோடு தைப்பது என்ற முறை இறுதியில் உருப்பெற்றது. அத்தனை நுண்ணிய குழாய்களைத் தைக்கத்தக்க கருவிகள் கடையில் கிடையா. இருந்தவற்றைத் தாமஸ் தம் கையாலேயே வெட்டியும் தேய்த்தும் மாற்றியமைத்தார்.

1944 நவம்பர் 29. அறுவை மேசையில் 15 மாதப் பெண் குழந்தை. எடை ஏறக்குறைய 4 கிலோதான். கத்தியை எடுத்தவர் பிளேலாக். அவ்வறுவையை அவர் ஒரு நாயிடத்தில், தாமஸுக்கு உதவியாளராக நின்று, ஒரே ஒரு முறைதான் செய்திருந்தார். தாமஸோ பல முறை செய்து தேர்ந்தவர். ஆயினும் மருத்துவப் பட்டம் பெறாதவர் மனித உடலில் கத்தி வைக்கலாகாது. எனவே பிளேலாக்கின் வேண்டுகோளின்படி தாமஸ் அவருக்குப் பின்னால் ஒரு சிறு படிப்பலகையின் மேல் ஏறி நின்றார். தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டே, தையல் எவ்விடத்தில் விழ வேண்டும், எவ்வளவு இடைவெளி வேண்டும், ஊசி எத்திசையில் செல்ல வேண்டும் என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். அக்குழந்தை சில மாதங்களே உயிர் வாழ்ந்தது. ஆனால் அடுத்தடுத்த அறுவைகள் முழு வெற்றி பெற்றன. ஆறு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு மேசையின் மேலேயே உதடு நீலம் மாறிச் சிவந்ததைக் கண்டு அறையில் இருந்தோர் மெய்ம்மறந்தனர். ஓராண்டுக்குள் அம்மருத்துவமனையில் மட்டும் 200க்கும் மேற்பட்ட குழந்தைகள் இவ்வறுவை பெற்றனர். அதற்கு முன் இருதயம் என்றால் அறுவை மருத்துவரின் கத்தி அஞ்சி விலகும். அந்த அச்சம் அன்றோடு தளர்ந்தது.

1945 மே மாதம் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஏட்டில் கட்டுரை வெளிவந்தது. பிளேலாக், டாசிக் ஆகிய இருவர் பெயரோடு வந்தது. பத்திரிகைகள் அவ்விருவரையும் கொண்டாடின. அறுவைக்கும் அவ்விருவர் பெயரே சூட்டப்பட்டது. தாமஸின் பெயர் கட்டுரையில் ஓரிடத்திலும் இல்லை. அந்நாள்களில் சம்பளம் போதாமல், பிளேலாக் தம் இல்லத்தில் நடத்தும் விருந்துகளில் மதுக் கோப்பை ஏந்திப் பரிமாறும் வேலையையும் தாமஸ் செய்து வந்தார். பகலில் அவரிடம் தையல் கற்ற இளம் மருத்துவர்கள் மாலையில் அவர் கையிலிருந்து கோப்பை வாங்கினார்கள்.

பிளேலாக் கொடியவர் என்று எண்ணுவதற்கு இல்லை. அவர் கொடியவராக இருந்திருந்தால் இக்கதையில் நமக்குக் கற்க எதுவும் இராது. தாமஸ் இல்லாமல் அறுவையைத் தொடங்க அவர் விரும்பியதில்லை. தாமஸின் சம்பளத்துக்காக நிர்வாகத்தோடு வாதாடியவரும் அவரே. 1946க்குள் அந்நிறுவனத்தின் உதவியாளர்களில் மிக உயர்ந்த சம்பளம் பெறுபவரானார் தாமஸ். தச்சு வேலைக்கே திரும்பிவிடுவேன் என்று தாமஸ் சொல்ல நேர்ந்த பிறகுதான் அதுவும் நடந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆய்வறைக்குள் அத்தனை மதிப்பும் உண்டு; வாசலைத் தாண்டியதும் மௌனம். உலகம் வியந்து கேட்டபோது, "இதில் பாதி இவருடைய கைவேலை" என்று ஒரு மேடையிலேனும் உரத்துச் சொல்லியிருந்தால் அவர் புகழ் குறைந்தா போயிருக்கும்? நம் அலுவலகங்களிலும் ஆலைகளிலும், ஏன், நம் பங்குகளிலும் காணப்படும் மேலோர் பலர் இந்த வார்ப்பில் வார்க்கப்பட்டவர்களே. தனியே அழைத்து முதுகில் தட்டிக் கொடுப்பார்கள். நால்வர் நடுவே வாய் திறவார்கள்.

இனி, பாராட்டில்லை என்று வருந்துபவர் தம் மனத்தைச் சற்றுப் பிரித்துப் பார்க்கட்டும். ஒரே பெயரில் மூன்று பசிகள் உள்ளே குடியிருக்கின்றன. செய்த வேலைக்கு ஏற்ற கூலியும் பதவியும் இல்லை என்பது ஒரு பசி. தாம் செய்தது வேறொருவர் பெயரில் போயிற்று என்பது இன்னொன்று. ஒருவரும் முகம் பார்த்து ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை என்பது மூன்றாவது. முதலாவது ஏழாம் கட்டளையைச் சார்ந்தது. உழைத்தவன் கூலியைப் பிடித்து வைப்பது களவு என்று நாம் சிறு வயதிலேயே ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். இரண்டாவது எட்டாம் கட்டளையைச் சார்ந்தது. பிறர் செய்ததைத் தாம் செய்ததாக உலகம் நம்பும்படி விடுவதும் பொய்ச்சாட்சியின் சாயலே. மூன்றாவது எந்தக் கட்டளைக்குள்ளும் அடங்காது. கேட்டு வாங்கினால் அதற்குச் சுவையே போய்விடும். தானாக வந்தாலன்றி அது நன்றியும் ஆகாது.

இம்மூன்றையும் ஒன்றாகக் குழைத்துக்கொள்வதால்தான் பலர் துன்பம் பெருகுகிறது. சம்பள உயர்வு கேட்க வேண்டிய இடத்தில் முகம் வாடி நிற்கிறார்கள். முகமலர்ச்சி கிடைக்கவில்லை என்பதற்காக வேலையை விடுகிறார்கள். நமது தாமஸ் இதில் தெளிவாக இருந்தார் என்று தோன்றுகிறது. அவமரியாதையை ஒரு நாளும் பொறுக்கவில்லை. சம்பளத்தைக் குரல் உயர்த்தாமல், ஆனால் வாய் திறந்து, உரியவரிடமே கேட்டார். நன்றிக்காக எவரிடமும் கையேந்தவில்லை. பெயர் விஷயத்தில் மட்டும் வாய் மூடி இருந்தார். அது பொறுமையா, அக்காலத்தில் கறுப்பினத்தவர் ஒருவருக்கு வேறு வழி இல்லாமையா என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. அம்மௌனத்தைப் பெரும் புண்ணியமாக நாம் போற்றத் தொடங்கினால், வாயை அடைத்தவர்களுக்குத்தான் அது வசதியாகப் போகும்.

ஒன்றையும் மறைக்கலாகாது. அவருக்கும் வலித்தது. மருத்துவராகும் கனவு நடுவயதிலும் அவரை விடவில்லை. கல்லூரியில் சேர முடியுமா என்று விசாரித்துப் பார்த்தார். அத்தனை ஆண்டு அனுபவத்துக்கு ஒரு பாடத்திற்குரிய சலுகைகூடக் கிடைக்கவில்லை. முதல் வகுப்பிலிருந்து தொடங்கினால் படிப்பு முடிய ஐம்பது வயதாகும் என்று கணக்கிட்டு, அக்கனவைக் கைவிட்டார்.

இவ்விடத்தில் நற்செய்திப் பகுதி ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் அது இவ்விஷயத்தில் அடிக்கடி தவறாகக் கையாளப்படுகிறது. லூக்காஸ் நற்செய்தியின் 17ஆம் அதிகாரத்தில் வயலிலிருந்து களைத்து வரும் ஊழியனைப் பற்றிய உவமை வருகிறது. தலைவன் அவனை உட்கார்ந்து சாப்பிடச் சொல்வதில்லை. தனக்கு உணவு பரிமாறச் சொல்கிறான். அதற்காக நன்றி கூறுவதுமில்லை. நீங்களும் எல்லாம் செய்து முடித்த பின் நாங்கள் பயனற்ற ஊழியர் என்று எண்ணிக்கொள்ளுங்கள் என்கிறார் ஆண்டவர். பணியாளரை வாயடைக்க இதை எடுத்தோதும் தலைவர்களை நாம் கண்டதுண்டு. அவர்களுக்கு நாம் சொல்வது ஒன்றே: இந்த உவமை ஊழியர் தம் உள்ளத்தில் சொல்லிக்கொள்வதற்காக அருளப்பட்டது, எசமானர் வாயில் வைத்துக்கொள்வதற்காக அன்று. பக்கத்தைப் புரட்டக்கூட வேண்டியதில்லை. அதே அதிகாரத்தில் அடுத்து வருவது பத்துத் தொழுநோயாளர் வரலாறு. ஒருவன் மட்டும் திரும்பி வந்தான். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று கேட்டவரும் அதே ஆண்டவர்தான். நன்றி வராத வெறுமையை அவரும் கவனித்தார். கவனித்ததை வெளிப்படையாகச் சொல்லவும் செய்தார். ஆகவே, பாராட்டப்படாத வலியைச் சொல்லி அழுபவரை ஆணவக்காரர் என்று முத்திரை குத்துவது வேதத்துக்கும் பொருந்தாது.

நம் தமிழ் மரபும் இதில் கூர்மையானது. திருவள்ளுவர் தம் நூலின் 11ஆம் அதிகாரத்தைச் செய்ந்நன்றியறிதல் என்று பெயரிட்டார். இன்று நாம் நன்றி என்றால் வாயால் சொல்லும் ஒரு சொல் என்று கொள்கிறோம். அவரோ செய்யப்பட்ட நன்மையையே நன்றி என்றார்; பெற்றவர் கடன் அதை அறிதல். சொல்லுதல் அன்று, அறிதல்! இன்னது செய்தார், இவ்வளவு பாடுபட்டுச் செய்தார், இவர்தாம் செய்தார் என்று அறிந்திருத்தல். பணி ஓய்வு நாளில் பொன்னாடை போர்த்தி, சட்டம் போட்ட வாழ்த்து மடலை வாசித்து, இனிப்பும் காரமும் வழங்கி அனுப்புகிறோமே, அவ்வாழ்த்து மடலைச் சற்று ஊன்றிக் கேளுங்கள். பெயரை மட்டும் மாற்றினால் எவருக்கும் பொருந்தும். முப்பத்தைந்து ஆண்டு உடனிருந்தும் அம்மனிதர் என்ன வேலை செய்தார் என்பதை எழுதியவர் அறிந்ததில்லை. அறியாதவர் வழங்கும் பாராட்டு, பெற்றவரை வீட்டுக்குப் போகும் வழியிலேயே மேலும் தனிமைப்படுத்திவிடுகிறது.

இதனால் நாம் பங்கு மக்களுக்குச் சில சொற்கள் சொல்ல விரும்புகிறோம். பாராட்டு இல்லை என்று வருந்துகிற நாமே, இன்னொருவர் தோளுக்கு முன்னால் நின்று பெயர் வாங்குபவராகவும் இருக்கக்கூடும். திருவிழாக் கொடியேற்றத்தன்று நன்றியுரையில் பந்தல் உபயக்காரர் முதல் ஒலிபெருக்கி உரிமையாளர் வரை எல்லார் பெயரும் வருகின்றன. நாள்தோறும் அதிகாலையில் எழுந்து மணியடித்து, பீடத்துணி வெளுத்து, மெழுகு சுரண்டும் கோயில்பிள்ளையின் பெயர் வருகிறதா? பெயர் வந்தாலும், அவருடைய சம்பளம் முதல் தேதியில் வருகிறதா? முன்னதைவிடப் பின்னது அவசரம். கூலி குறைவாக இருக்கும் இடத்தில் புகழுரை கேலியாகிவிடும். வீட்டு வேலைக்கு வரும் பெண்மணியை "எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி" என்று பெருமையாகச் சொல்வார்கள். பிள்ளைக்கு வாரம் ஒரு நாள் ஓய்வும் நோயுற்றால் சம்பளத்தோடு விடுப்பும் தருவார்களா என்று கேட்டால் பேச்சை மாற்றுவார்கள். முதலில் கடன் தீரட்டும். அன்பு பிறகு வாய் திறக்கட்டும்.

வருந்துகிறவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். உங்கள் குறை மேலே சொன்ன முதல் இரண்டில் எதையேனும் சேர்ந்ததாக இருப்பின், அதை வீட்டில் கொட்டுவதை நிறுத்தி, உரியவரிடம் கொண்டுசெல்லுங்கள். கோபம் தணிந்த நாளில், தனியே, செய்த வேலையின் விவரத்தோடு செல்லுங்கள். "எனக்கு மரியாதையே இல்லை" என்று தொடங்கினால் வழக்கு மனநிலையைப் பற்றியதாகிவிடும். "இன்ன வேலையை நான் செய்து வருகிறேன், பதிவில் வேறுவிதமாக இருக்கிறது" என்று தொடங்கினால் பதில் சொல்லியாக வேண்டும். ஒரு முறை கேட்டுப் பயனில்லை எனில் மறுமுறை கேட்பதில் இழிவில்லை. தனியாகக் கேட்டுப் பயனில்லை எனில் சங்கமாகச் சேர்ந்து கேட்பதிலும் இழிவில்லை. வேறு வேலை கிடைக்குமாயின் விட்டுப்போவதும் பாவமன்று. எங்கே சிலுவையைச் சுமப்பது, எங்கே சுமையை இறக்கி வைத்துக் கணக்குக் கேட்பது என்பதை ஒவ்வொருவரும் தம் குடும்ப நிலையைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். வெளியிலிருந்து பிறர் தீர்மானிக்க முடியாது.

மூன்றாவது பசிக்கு மருந்து அலுவலகத்தில் கிடைக்காமலே போகலாம். தாமஸுக்கு அது எங்கிருந்து வந்தது என்பதைப் பாருங்கள். பிளேலாக் 1964இல் இறந்தார். தாமஸ் அங்கேயே தொடர்ந்தார். அவரிடம் ஆய்வுக்கூடத்தில் கைப்பழக்கம் கற்ற இளம் மருத்துவர்கள் இதற்குள் நாடெங்கும் பெரிய மருத்துவமனைகளில் தலைமை அறுவை மருத்துவர்களாக உயர்ந்திருந்தார்கள். யார் தங்களுக்கு ஊசி பிடிக்கக் கற்றுத் தந்தது என்பதை அவர்கள் அறிவார்கள். அவர்களே முன்னின்று தாமஸின் உருவப்படத்தை ஓவியரைக் கொண்டு எழுதுவித்தார்கள். 1971இல் அது பிளேலாக்கின் படத்துக்கு அருகே மாட்டப்பட்டது. 1976இல் பல்கலைக்கழகம் மதிப்புறு டாக்டர் பட்டம் வழங்கியது. விதிகளின் காரணமாக மருத்துவத்தில் தர முடியாமல் சட்டத்துறைப் பட்டமாகவே அது வந்தது; கேட்பவர்க்குச் சற்றுச் சிரிப்பு வரும். ஆயினும் அதன் பிறகு அங்கே அவரை டாக்டர் என்றே அழைத்தார்கள். ஆசிரியர் குழுவிலும் இடம் கிடைத்தது. 1979இல் ஓய்வு பெற்று, 1985 நவம்பரில் காலமானார். அவர் எழுதிய தன்வரலாறு அவர் மறைந்த அதே நாள்களில்தான் அச்சில் வெளிவந்தது. இன்று மருத்துவ நூல்கள் பல அவ்வறுவையைக் குறிக்கும்போது மூவர் பெயரையும் சேர்த்தே எழுதுகின்றன.

மேலே இருந்தவர் சொல்லாததைக் கீழே இருந்து கற்றவர்கள் சொன்னார்கள். உங்களுக்கும் அப்படி நேரலாம், நேராமலும் போகலாம். அதை நாம் உறுதி சொல்ல முடியாது. எல்லாருக்கும் படம் மாட்டப்படுவதில்லை.

ஆனால் ஒரு காரியம் நம் வீடுகளிலே நடக்கக்கூடியது. பங்கிலுள்ள சிறுவர் சிறுமியரிடம், உன் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று நாம் கேட்பதுண்டு. "கம்பெனியில் வேலை", "ஆபீசில் வேலை" என்பார்கள். அங்கே என்ன செய்வார் என்று கேட்டால் விழிப்பார்கள். அம்மாவைக் கேட்டாலும் பல வீடுகளில் அதே விடைதான். வேலைக்குச் செல்லும் தாய்மார் நிலையும் இதுவே. அவர் எந்நேரத்துக்குத் திரும்புவார் என்பதை அறிந்த கணவர், எந்தக் கணக்கோடு அவர் அன்று போராடினார் என்பதை அறியார். மாதம் ஒரு நாள், இராச் செபமும் உணவும் முடிந்த பின், வீட்டில் உழைக்கிறவர் தம் வேலையைப் பிள்ளைகளுக்கு விவரித்துச் சொல்லட்டும். குறை சொல்வதற்காக அன்று, வேலையையே சொல்வதற்காக. எந்த இயந்திரம், எந்தப் பேரேடு, என்ன தவறு நேரும், அதை எப்படிக் கண்டுபிடிப்பது, கையை எங்கே வைத்தால் ஆபத்து. பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள்; எத்தனை கேட்டாலும் பொறுமையாக விடை சொல்லுங்கள்.